பின் சக்கரத்தில் ஒரு ‘டிக்’: திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை, 67 கிலோமீட்டர்

மார்கழி முடிய ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை காலை ஐந்து பத்துக்குத் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் சைக்கிளில் கிளம்பினேன். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் கோயிலுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான் போனது என் நாத்தனார் பரிமளாவைப் பார்க்க. அவள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கிறாள், கலெக்டர் ஆபீசில் வேலை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போளூர் வழியாக ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வரை ஏறி, அதே வழியில் இறங்கி வருவதாகத் திட்டம். போகவர நூற்றைம்பது கிலோமீட்டர். இரண்டு மாதமாக இதைப் பற்றித்தான் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தோம். வழி பார்க்க அவள் மட்டும் போன மாதம் ஒரு தடவை மலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

மலைப்பாதை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் பதிவைத் திறந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நாங்கள் மலைக்குப் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். இலேசான சக்கரங்களில் ஓட்டுகிறவர்கள், அதிலும் தானே சக்கரம் கட்டிக்கொள்கிறவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் உட்கார வேண்டியதை அரை மில்லி, கால் மில்லி என்று தேய்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு. அந்தக் கை சும்மா இருக்காமல் மூன்று வருடமாகச் சைக்கிள் சக்கரமும் கட்டிக்கொண்டிருக்கிறது. ரிம், ஹப், ஸ்போக்ஸ் கம்பி எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, நானே பின்னி, கோணல் போக நானே கோட்டம் எடுத்து முடிப்பேன். போன ஆடியில் லேபுக்கு ஒரு வாரம் லீவு போட்டு இரண்டு ஜோடி கட்டினேன். ஒன்று எனக்கு, ஒன்று பரிமளாவின் பிறந்தநாளுக்கு. ஜோடி ஒன்று ஆயிரத்து நானூறு கிராம்கூட வராது. இரண்டு ஜோடியும் ஒரே வாரத்தில், ஒரே பெட்டிக் கம்பிகளில், ஒரே கையால் கட்டியவை. அன்றைக்குப் பூராவும் என்னை அரித்துத் தின்றது இந்த ஒரு விஷயம்தான்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். வழி நெடுகப் பனி. முன்விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை, எதிரே வரும் லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் லாரி என்று தெரிந்தது. மார்கழியில் இந்த வழியாக வருகிறவர்கள் ஆறரைக்கு முன் கிளம்பாதீர்கள், அப்படியே கிளம்பினாலும் பின்விளக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள். செஞ்சிக்கு ஆறு முப்பத்தைந்துக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்ட் எதிரில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, நாற்பத்திரண்டு ரூபாய். வடை ஆறிப்போயிருந்தது, சட்னி நன்றாக இருந்தது. அதுவரை எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

செஞ்சி தாண்டி எட்டு கிலோமீட்டரில், ஏழு பத்து இருக்கும், முதல் ‘டிக்’ கேட்டது.

சைக்கிள்காரர்களுக்கு இந்த நோய் தெரியும். ஒரு சத்தம் காதில் விழுந்துவிட்டால் பிறகு வயலும் தெரியாது, மலையும் தெரியாது. பெடலை மிதிக்காமல் உருளவிட்டேன், சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் பெடலும் இல்லை, செயினும் இல்லை. வேகத்தைக் குறைத்தேன், டிக்கும் மெதுவானது. மணிக்கு இருபத்தைந்தில் போகும்போது நொடிக்கு மூன்று, எட்டில் போகும்போது நொடிக்கு ஒன்று. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு டிக். சீட்டை விட்டு எழுந்து முன்பக்கம் சாய்ந்தேன், சத்தம் குறைந்தது. உட்கார்ந்தால் கூடியது. முன் சக்கரம் இல்லை, பின் சக்கரம். கால் கிலோமீட்டருக்குள் இவ்வளவும் தெரிந்துவிட்டது. 

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். டியூப் வால்வின் சின்ன வளையம் தளர்ந்தால் இப்படித்தான் சத்தம் வரும், அதை இறுக்கினேன். அச்சைத் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். ஒரு பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். கம்பியும் கம்பியும் குறுக்கே உரசும் இடத்தில் அழுக்கு சேர்ந்தாலும் சத்தம் வரும், துணியால் துடைத்தேன். இருபத்தைந்து நிமிடம் போனது. ஏறி உட்கார்ந்து பத்து மிதி மிதித்தேன். டிக், டிக், டிக்.

கீழ்பென்னாத்தூருக்கு எட்டு இருபதுக்கு வந்தேன், திண்டிவனத்திலிருந்து 49வது கிலோமீட்டர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றும் வேன்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதனிடம் காதை வைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னாக்கா, பஞ்சரா?”

“பஞ்சர் இல்லண்ணா. சத்தம் வருது.”

“சத்தம்தான? வந்தா வந்துட்டுப் போவுது. என் டிவிஎஸ்ஸுல ஹாரன் தவிர எல்லாமே சத்தம் போடுது.”

“கொஞ்சம் ஆயில் கெடைக்குமாண்ணா? மெஷின் ஆயிலுக்கு டைலர் கடை எதாச்சும் தொறந்திருக்குமா?”

“டைலர் வர ஒம்போதரை ஆவும். ஷட்டருக்குப் போடற ஆயில் இருக்குது, பரவால்லயா?”

பழைய இருமல் மருந்து பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். கம்பிகள் உரசும் இடங்களில் எல்லாம் ஒவ்வொரு சொட்டு விட்டேன். அதோடு விடாமல், கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற நிப்பிள்களிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். நிப்பிள் என்பது கம்பியின் முனையை ரிம்மோடு பிடித்து நிறுத்தும் சின்னத் திருகு. இருபத்துநான்கு கம்பிக்கு இருபத்துநான்கு நிப்பிள். ஏறி ஒரு வட்டம் அடித்துப் பார்த்தேன். சத்தம் இல்லை.

டீக்கு அவர் பன்னிரண்டு ரூபாய் வாங்கினார், ஆயிலுக்கு வாங்கவில்லை. எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போல இருந்தது. பரிமளாவுக்கு ஃபோன் அடித்தேன்.

“அண்ணி! எங்க இருக்கீங்க? நாளைக்கு எடுத்துட்டுப் போக சுண்டல் ஊற வச்சிருக்கேன்.”

“கீழ்பென்னாத்தூர். ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். ஏன் பரிமளா, உன் வண்டி எப்படி ஓடுது? வீல் எல்லாம் நல்லா இருக்கா?”

ஒரு நொடி பேச்சு வரவில்லை. பிறகு, “சூப்பரா ஓடுது அண்ணி” என்றாள்.

சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் அமைதியாக ஓடியது. ஒன்பது இருபதுக்கு, மலை நன்றாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில், சத்தம் திரும்ப வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் கனமாக.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று உங்களுக்குப் புரியாது. ஆடியில் சக்கரம் கட்டும்போதே எனக்கு ஒரு தப்பு தெரிந்திருந்தது. ரிம்மின் உள்ளளவைத் தவறாக எடுத்ததில் கம்பிகள் எல்லாம் இரண்டு மில்லி குட்டையாக வந்துவிட்டன. கம்பியின் மரை நிப்பிளின் தலை வரை ஏற வேண்டும், பாதியிலேயே நின்றது. பித்தளை நிப்பிளாக இருந்தால் தாங்கியிருக்கும். நான் போட்டது அலுமினியம். ஏன் என்றால் அதில் ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு முப்பது கிராம் மிச்சம். ஒரு வாழைப்பழத்தில் கால்வாசி எடை இருக்குமா? அதற்காகத்தான். எடை குறைக்கிற பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய வரும். கம்பியைத் திருப்பி அனுப்பிப் புதிது வரவழைத்தால் பிறந்தநாள் தாண்டிவிடும். ‘இரண்டு மில்லிதானே, ஒன்றும் ஆகாது’ என்று கட்டிவிட்டேன். லேபில் யாராவது பல் செட்டை இரண்டு மில்லி தவறாகச் செய்தால் நான் அன்றைக்குச் சோறு தின்னவிட மாட்டேன்.

என் சக்கரம் உடைந்தால் நான் விழுவேன், விழுந்துவிட்டுப் போகிறேன். பரிமளா நாளை காலை அதே கம்பியில், அதே நிப்பிளில், மலையிலிருந்து வளைவு வளைவாக இறங்கப்போகிறாள். அவள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததே என்னால்தான். என் மாமியார் வீட்டில் அத்தனை பேரும் வேண்டாம் என்றபோது, “நான் பொறுப்பு” என்று பேசியவள் நான். கடைசிப் பத்து கிலோமீட்டரும் அந்த ‘பொறுப்பு’ டிக் டிக் என்று பின்னாலேயே வந்தது.

ஊருக்குள் நுழையும்போது மணி பத்து. சனிக்கிழமைக் கூட்டம், ஆட்டோக்கள் மேலே ஏறாத குறை. தேரடி வீதிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் காட்டினேன். கடைக்காரர் சக்கரத்தைத் தொடவே இல்லை.

“இந்த மாதிரி வண்டிலாம் நாங்க தொடறது இல்லைங்க. தொட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க தலையிலதான் விடியும். அவலூர்பேட்டை ரோட்டுல அன்சார் பாய்னு கேளுங்க. புல்லட் வீல்லாம் அவருதான் கோட்டம் எடுப்பாரு.”

அன்சாருக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தெட்டு, நாற்பது. பத்துக்குப் பத்து கடை, சுவர் முழுக்க மோட்டார் சைக்கிள் ரிம்கள். ஃபோனில் யாரிடமோ உருதுவில் பேசிக்கொண்டிருந்தவர், என் பின் சக்கரத்தைப் பார்த்ததும் ஃபோனை வைத்துவிட்டார். கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“என்னக்கா, காத்து மாதிரி இருக்குது? கம்பியும் ரொம்ப கம்மி.”

“இருபத்திநாலு, பாய். சுத்துக்கு ஒரு தடவ டிக்னு வருது. உக்காந்தா ஜாஸ்தி வருது.”

கம்பியைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது. “ஆயில் உட்டீங்களா?”

“கீழ்பென்னாத்தூர்ல கொஞ்சமா...”

“ஐயோ. ஆயில் உட்டுட்டா எந்தக் கம்பி கத்துதுனு எப்டிக்கா கண்டுபுடிக்கறது? எல்லாம் வாய மூடிக்கும்.”

ஒரு துணியில் பெட்ரோலை நனைத்து இருபத்துநான்கு கம்பியையும் துடைத்தார். அதற்கே கால் மணி நேரம் ஆனது. பிறகு சைக்கிளில் மாட்டி, என்னை மேலே உட்காரச் சொல்லி, தான் குனிந்து பின் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக உருட்டினார். டிக் கேட்ட இடத்தில் சாக்பீஸால் ரிம்மில் ஒரு கோடு. இன்னொரு தடவை. இன்னொரு கோடு. ஐந்து தடவையும் கோடுகள் ஒரே இடத்தில், இரண்டு விரல்கடைக்குள் விழுந்தன. அந்த இடத்துக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினார். மற்றதெல்லாம் கணீர் என்றது, ஒன்று மட்டும் தொம் என்றது. இவ்வளவு பொறுமையாக ஒருவர் சத்தத்தைத் தேடி நான் பார்த்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

“டயரக் கழட்டிப் பாத்துரலாமாக்கா?”

“வேணாம் பாய். அந்தக் கம்பிய மட்டும் கொஞ்சம் டைட் பண்ணிடுங்களேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “டைட் பண்ணா நிக்கும். எத்தினி நேரம் நிக்கும்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?”

“கழட்டுங்க பாய்” என்றேன். அவர் டயரைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த டேப்பை உரித்து, செல்ஃபோன் வெளிச்சத்தை அடித்தார். ஒரு ஊசியை எடுத்து நிப்பிளின் ஓட்டைக்குள் விட்டார். கம்பியின் முனையில் முட்ட வேண்டிய ஊசி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“கம்பி குட்டைக்கா. தல வரைக்கும் ஏறவே இல்ல. இங்க பாருங்க.” தொம் என்ற கம்பியின் நிப்பிள் தலையைச் சுற்றி முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. விரிசல். பக்கத்து நிப்பிளிலும் ஒன்று. “உக்காரும்போதுலாம் இந்த விரிசல் தொறந்து மூடுது. அதான் டிக். யாரு கட்னது?”

“நான்தான்.”

“இழுவையெல்லாம் சமமா, நீட்டா வச்சிருக்கீங்க. கம்பிதான் தப்பு.” பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “இதே கம்பில வேற எதுனா வீல் கட்டினீங்களா?”

“இல்ல பாய்.”

இதை நான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவரும் நானும் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படித்தான் சொன்னேன், யோசிக்காமலேயே வந்தது. யாரென்றே தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் எனக்கு என்ன மானம் போய்விடும்? அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அரை நிமிடம்கூட இருக்காது, வாயைத் திறந்துவிட்டேன்.

“கட்டிருக்கேன் பாய். என் நாத்தனாருக்கு. நாளைக்கு ஜமுனாமரத்தூர் போறோம்.”

“மலையா? மொதல்ல ஃபோன் பண்ணுங்க. அவங்க அந்த வண்டியத் தொடவே கூடாது.”

அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. நான்காவது தடவையும் எடுக்காதபோதுதான் பார்த்தேன், அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சைக்கிளின் படம், கீழே ‘அண்ணியை அழைத்துவரப் போகிறேன்’. போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் வந்த சாலையிலேயே என்னைத் தேடிக்கொண்டு எதிரே போயிருக்கிறாள். தேரடி வீதியில் நான் சைக்கிள் கடை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தாண்டிப் போயிருக்க வேண்டும்.  மல்லாட்டை லாரிகள் வரிசையாக வரும் சாலை அது. அன்சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், நான் உட்காரவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தில் கும்பிடாத சாமி இல்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தவள், கடை வாசலில் நின்றுகொண்டு மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பதினொன்று இருபதுக்கு அவளே கூப்பிட்டாள். “அண்ணி, எங்க போயிட்டீங்க? நான் பாதி தூரம் வந்துட்டேன்.”

“எறங்கு.”

“என்னாச்சு?”

“வண்டிய விட்டு எறங்கு மொதல்ல. ஓரமா நில்லு. ஓட்டாத.”

அன்சார் தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரரை அனுப்பினார். போகவர முந்நூற்றைம்பது ரூபாய். பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது, சைக்கிளைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு பரிமளா உள்ளே இருந்தாள். முழுசாக இருந்தாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “ஃபோன எடுக்க மாட்டியா?” என்று நடுரோட்டில் கத்தினேன்.

“ஃபோன சைலண்ட்ல போட்டுட்டு பாட்டு கேட்டுட்டு வந்தேன் அண்ணி. ஹெட்செட்ட கழட்டினப்புறம்தான் பாத்தேன்.”

அன்சார் அவள் பின் சக்கரத்தைக் கழற்றினார், டயரை உருவினார், டேப்பை உரித்தார். குனிந்து பார்த்தார். திருப்புளியை எடுத்து ஒரு நிப்பிளை இலேசாகத் தொட்டார். அதன் தலை அப்படியே கழன்று ரிம்முக்குள் விழுந்து உருண்டது. நான்கு நிப்பிள்களில் விரிசல் இருந்தது. நான்கும் அடுத்தடுத்து.

“இது எத்தினி நாளா சத்தம் போடுதுங்க?” என்று அவளைக் கேட்டார்.

பரிமளா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “தீபாவளிலேர்ந்து.”

“தீபாவளிலேர்ந்தா?” என்றேன். “காலைல கேட்டதுக்கு சூப்பரா ஓடுதுனு சொன்ன?”

“எப்டி அண்ணி சொல்றது? லீவு போட்டு ஒக்காந்து கட்டிக் குடுத்தீங்க. எங்க அம்மா, அண்ணன் எல்லார்கிட்டயும் எனக்காக சண்ட போட்டீங்க. சத்தம் வருதுனு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. அதான் ஹெட்செட் போட்டுக்க ஆரம்பிச்சேன். அப்புறம் கேக்கல.”

“இதோடயா போன மாசம் மலைக்குப் போய்ட்டு வந்த?”

தலையை ஆட்டினாள்.

அண்ணி செய்து கொடுத்ததில் குறை சொல்லக்கூடாது என்று எங்கள் வீடுகளில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். குழம்பில் உப்பு அதிகமென்றால்கூட மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போகிற வீடு அது. இவள் சக்கரத்துக்கும் அதையே செய்திருக்கிறாள். அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று உடனே தெரிந்தது. அன்சார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அளவு தவறியது, இரண்டு மில்லி, முப்பது கிராம், பிறந்தநாள்.

அவள் முழுசாகக் கேட்டாள். “தெரிஞ்சேவா குடுத்தீங்க?” என்றாள்.

“ஆமா.”

அவள் ரிம்மைச் சாய்த்து, கழன்று விழுந்த நிப்பிள் தலையை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அன்சார் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கடையை விட்டு வெளியே போனார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பரிமளா அழவில்லை.

வேலைக்கு அன்சார் இருநூறு ரூபாய் கேட்டார், முந்நூறு கொடுத்ததற்கு நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த அளவுக் கம்பி திருவண்ணாமலையில் கிடைக்காது, சென்னையிலிருந்துதான் வர வேண்டும். சைக்கிள்களை வேங்கிக்காலில் பரிமளா வீட்டில் சக்கரம் இல்லாமல் நிறுத்தினோம். ஞாயிறு காலை ஊறிய சுண்டலைத் தாளித்து வீட்டிலேயே சாப்பிட்டோம். “தேங்கா போடவா?”, “போடு” என்கிற அளவில்தான் பேச்சு இருந்தது. பத்து நாற்பது பஸ்ஸில் நான் திண்டிவனம் திரும்பினேன். அவள் பஸ் ஸ்டாண்ட் வரை வந்தாள், பஸ் கிளம்பும்வரை நின்றாள். வழக்கமாகச் சொல்கிற ‘போய்ட்டு ஃபோன் பண்ணுங்க’ மட்டும் வரவில்லை.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு: சாலை நன்றாக இருக்கிறது, செஞ்சிக்கு அப்புறம் ஏற்றம் பெரிதாக இல்லை, அறுவடை நாளில் ஓரத்தில் காயப்போட்டிருப்பதைப் பார்த்து ஓட்டுங்கள். பௌர்ணமியை ஒட்டி வராதீர்கள், ஊருக்குள் சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது. சத்தத்தைப் பொறுத்தவரை, முதலில் மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள், அப்புறம் எழுந்து நின்று பாருங்கள், முன்னா பின்னா என்று அதிலேயே தெரிந்துவிடும். வால்வு, அச்சு, கம்பி குறுக்கே உரசும் இடம் என்று வரிசையாகப் போங்கள். ஆயில் விட்டதும் சத்தம் நின்றால் சந்தோஷப்படாதீர்கள், நான் பட்டேன். எட்டு பத்து கிலோமீட்டரில் திரும்ப வந்தால் டயரைக் கழற்றி நிப்பிளைப் பார்க்காமல் மேலே ஓட்ட வேண்டாம். அதிலும் இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். கம்பியின் முனை நிப்பிள் தலையில் திருப்புளி உட்காரும் வெட்டு வரை வந்திருக்க வேண்டும், உள்ளே பள்ளமாக இருந்தால் அது குட்டை. பின் சக்கரத்துக்குப் பித்தளையே போடுங்கள். யாராவது கட்டிக் கொடுத்த சக்கரமாக இருந்தால் சத்தம் கேட்ட அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கட்டியவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பரிமளா திண்டிவனம் வந்தாள். ஒரு கோணிப்பையில் இரண்டு ஜோடிச் சக்கரமும் இருந்தது. “வேற யார்கிட்டயாச்சும் குடுத்துடலாமே” என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

“நீங்கதான் கட்டணும் அண்ணி. ஆனா நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்” என்றாள்.

புதுக் கம்பிகளும் பித்தளை நிப்பிளும் வந்து ஒரு வாரமாகப் பிரிக்காமலே கிடந்தன. அவளே பெட்டியைப் பிரித்தாள். லேபிலிருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த அளவுக்கருவியைக் கேட்டு வாங்கி, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்து என்னிடம் தர ஆரம்பித்தாள். பதினாறு கம்பி தந்தாள். பதினேழாவதை இரண்டு தடவை அளந்தாள்.

“இது அரை மில்லி கம்மி அண்ணி.”

அரை மில்லியால் ஒன்றும் ஆகாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ‘பரவாயில்ல, குடு’ என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தனியா வை” என்றேன்.